இலைச்சாறும் புற்றுநோயும்: பிளேவனாய்டுகள் செய்வதும் செய்யாததும்

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் நடந்து செல்வோர் கண்ணில் தவறாமல் படும் செடிகளுள் நித்தியகல்யாணியும் ஒன்று. இளஞ்சிவப்பாகவும் வெண்மையாகவும் ஆண்டு முழுவதும் பூப்பது அது. லயத்து வீடுகளின் வாசலோரத்திலும் கோயில் வேலியடியிலும் இடுகாட்டு மேட்டிலும் யாரும் நீரூற்றாமலே தழைத்து நிற்கும். மயானங்களில் மிகுதியாக வளர்வதனால் சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கு ஒரு பெயருண்டு. மலாய்க்காரர் கெமுந்திங் சீனா என்பர். இரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆயினும் நித்தியகல்யாணியும் வேம்பும் முருங்கையும் அக்குடும்பங்களை விட்டு நீங்கவில்லை.

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறிவிட்டால், உற்றாரும் அண்டை அயலாரும் ஆளுக்கோர் இலையைச் சொல்லத் தொடங்குவர். ஒருவர் வேப்பங்கொழுந்து என்பார். ஒருவர் பப்பாளிக் குருத்து என்பார். மற்றொருவர் நித்தியகல்யாணிக் கஷாயம் என்பார். இக்காலத்தில் அவர்கள் பாட்டி சொன்னாள் என்று மட்டும் கூறுவதில்லை. “ஆராய்ச்சிக்கூடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், இதிலுள்ள பிளேவனாய்டு புற்றுநோய் அணுக்களைக் கொன்றுவிடுகிறதாம்” என்று அறிவியலையே சான்றுக்கு அழைக்கின்றனர்.

இக்கூற்றை முற்றும் பொய் என்று தள்ளவும் இயலாது. முற்றும் மெய் என்று கொள்ளவும் இயலாது. கொல்லப்பட்டது எங்கே? எத்துணை அளவால்? நோயாளர் அதனால் பிழைத்தனரா? இம்மூன்று வினாக்களையும் எழுப்பி விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிளேவனாய்டு என்பது யாது?

மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் ‘பிளாவுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். இவ்வினப் பொருள்களுள் பல மஞ்சள் நிறமுடையவை ஆதலின் இப்பெயர் அமைந்தது. எனினும் செம்மையும் நீலமும் உடையனவும் இவ்வினத்தில் உண்டு. சங்குப்பூவை நீரில் ஊறவைத்து, அந்நீல நீரில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் நீலம் மாறி ஊதாவாகிச் சிவப்பை நோக்கிச் செல்வதை மாணவர் எவரும் காணலாம். அந்நீல நிறப்பொருளும் பிளேவனாய்டு இனத்தைச் சேர்ந்ததே.

வேதியியலார் நோக்கில் இவை பதினைந்து கரி அணுக்களைக் கொண்ட சட்டம் ஒன்றின் மேல் அமைந்தவை. ஆறு அணுக்களால் ஆன வளையங்கள் இரண்டை மூன்று அணுக்களால் ஆன பாலம் ஒன்று இணைக்கின்றது. சட்டம் ஒன்றே; அதில் ஒட்டும் உறுப்புகள் வேறுபடுவதனால் ஆயிரக்கணக்கான பொருள்கள் தோன்றுகின்றன. வெங்காயத்திலுள்ள குவெர்செட்டினும் தேயிலையிலுள்ள கேட்டக்கின்களும் சோயா அவரையிலுள்ள ஜெனிஸ்டீனும் இவ்வினத்தவை. வெயிலின் கடுமையிலிருந்து இலையைக் காக்கவும், பூச்சிகளையும் பூஞ்சைகளையும் தடுக்கவும், மலருக்கு நிறமூட்டி வண்டினத்தை அழைக்கவும் செடி இவற்றை ஆக்கிக்கொள்கின்றது. மனிதனுக்கு மருந்தாக வேண்டும் என்று எந்தச் செடியும் எதனையும் செய்வதில்லை என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி 1936-இல் இவற்றுக்கு ‘வைட்டமின் பி’ என்று பெயரிட்டார். இது ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்தால் அமைந்த பெயர். நாம் இன்று பேசும் பி வைட்டமின்கள் வேறு. இவை இல்லாமையால் மனிதருக்கு இன்ன நோய் வரும் என்று நிறுவ இயலாமற் போகவே, அப்பெயர் பின்னர்க் கைவிடப்பட்டது. உடலுக்கு இன்றியமையாத உயிர்ச்சத்து என்னும் நிலை அன்றே இவற்றுக்குக் கிட்டவில்லை.

மஞ்சட்கிழங்கிலுள்ள குர்க்குமினையும் நித்தியகல்யாணியிலுள்ள மருந்துப் பொருள்களையும் பிளேவனாய்டு என்று சிலர் கருதுகின்றனர். அது பிழை. குர்க்குமின் வேறோர் அமைப்புடையது. நித்தியகல்யாணியின் பொருள்கள் ஆல்கலாய்டு என்னும் வேறு இனத்தவை.

நம் சமையலறையில் உள்ள அளவு

மலேசியாவில் உண்ணப்படும் 62 தாவரங்களில் ஐவகைப் பிளேவனாய்டுகள் எவ்வளவு உள்ளன என்பதை புத்ரா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அளந்து 2001-இல் வெளியிட்டனர். உலர்ந்த ஒரு கிலோ இலைக்கு இத்துணை மில்லிகிராம் என்பது அவர்தம் கணக்கு. வெங்காயத்தாளில் குவெர்செட்டின் மட்டும் 1,497.5 மில்லிகிராம்; அதனோடு வேறிரு பிளேவனாய்டுகளும் மிகுதியாக இருந்தன. வேப்பிலையில் மொத்தம் 2,041, சிலி பாடி எனப்படும் சிறு மிளகாயில் 1,663, தேயிலையில் 1,491, பப்பாளிக் குருத்தில் 1,264, கொய்யாவில் 1,128.5. அகத்திக்கீரையிலும் புடலங்காயிலும் கூட அப்பிஜெனின் என்னும் வகை சிறிதளவு காணப்பட்டது.

தோட்டப்புறத்து அடுப்படியில் அன்றாடம் புழங்கும் பொருள்களில் இவை நிறைந்துள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு பொருள் ஓர் இலையில் உண்டு என்று அளந்து கூறுவது வேறு. அவ்விலை நோயைத் தீர்க்கும் என்று கூறுவது வேறு. அவ்வாராய்ச்சி அளந்தது உள்ளிருக்கும் அளவை மட்டுமே.

உயிரணு மாயும் வகை

நம் உடலின் உயிரணுக்கள் வேண்டும்போது இரண்டாகப் பிரிகின்றன, வேண்டாதபோது ஓய்ந்திருக்கின்றன, பழுதுபட்டால் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன. புற்றுநோய் உயிரணுவோ ஓய்வதையும் மறந்தது, மாய்வதையும் மறந்தது. ஆதலால் கட்டியாகப் பெருகி அயலிடங்களிலும் பரவுகின்றது.

ஆராய்ச்சிக்கூடத்தில் இத்தகைய உயிரணுக்களைத் தட்டுகளில் ஊட்டநீர் ஊற்றி வளர்க்கின்றனர். அந்நீரில் குவெர்செட்டின் போன்ற ஒரு பொருளைக் கலந்தால், போதிய செறிவில், பல மாற்றங்கள் நிகழ்கின்றன. உயிரணுப் பிரிவை முடுக்கிவிடும் நொதிகள் சில முடங்குகின்றன. உயிரணுவின் ஆற்றல் நிலையங்களாகிய மைட்டோகாண்டிரியாவின் சவ்வு நெகிழ்ந்து, உள்ளிருந்த பொருள்கள் கசிகின்றன. அக்கசிவு உறங்கிக் கிடந்த வெட்டு நொதிகளை எழுப்ப, உயிரணு தன்னைத்தானே துண்டாடிக்கொண்டு மடிகின்றது. இவையெல்லாம் மெய்யாகக் காணப்பட்டவையே.

எனினும் ஒரு செய்தி. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாரி ஹாலிவெல்லும் உடன் ஆய்ந்தோரும் 2000-இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். குவெர்செட்டினையும் தேயிலைக் கேட்டக்கின்களையும் வழக்கமான ஊட்டநீரில் இட்டவுடன், அந்நீரிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நச்சுப்பொருள் விரைந்து உண்டாகின்றது. புண் கழுவவும் துணி வெளுக்கவும் பயன்படும் பொருள் அது. ஆகவே தட்டில் உயிரணு மடியும்போது, மடியச் செய்தது இலைப்பொருள்தானா, தட்டு நீரில் பிறந்த பெராக்சைடா என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும். இதனைக் கருதாது வெளியிடப்படும் முடிவுகளை அப்படியே ஏற்றல் ஆகாது.

தட்டு வேறு, உடல் வேறு

தட்டில் கிடக்கும் உயிரணுவுக்கும் மருந்துக்கும் இடையே ஒன்றுமில்லை. உடலிலோ இரைப்பை உண்டு, குடல் உண்டு, கல்லீரல் உண்டு, குருதி உண்டு. இவ்வாயில்களை எல்லாம் கடந்தே ஒரு பொருள் கட்டியைச் சென்றடைய வேண்டும்.

ஜெர்மனியில் 1975-இல் நலமுடைய சிலருக்கு நான்கு கிராம் குவெர்செட்டின் வாய்வழி கொடுத்துப் பார்த்தனர். அவர்தம் குருதியில் அளக்கத்தக்க குவெர்செட்டின் காணப்படவில்லை. பின்னர் 1995-இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வு, வெங்காயத்தில் சர்க்கரையோடு பிணைந்திருக்கும் குவெர்செட்டின் தனிக் குவெர்செட்டினைவிட நன்கு உட்கொள்ளப்படுகின்றது என்று காட்டியது. ஆயினும் உட்சென்றது உருமாறாமல் இருப்பதில்லை. குடற்சுவரும் கல்லீரலும் அதனோடு வேறு பொருள்களைப் பிணைத்து வெளியேற்றத்துக்கு ஆயத்தமாக்கி விடுகின்றன. தட்டில் உயிரணுவைக் கொல்லப் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோல் வரை செறிவு எடுத்துக்கொள்வர். வழக்கமான உணவுக்குப் பின் குருதியில் இருப்பதோ பெரும்பாலும் 1 மைக்ரோமோலுக்கும் கீழே, அதுவும் உருமாறிய நிலையில்.

வாய்வழி பயன் இல்லையெனில் குருதியிலேயே செலுத்தலாமே என்று கேட்கலாம். அதனையும் செய்து பார்த்துள்ளனர். இங்கிலாந்தில் 1996-இல் வெளியான ஆய்வொன்றில் புற்றுநோயாளருக்குக் குவெர்செட்டினை ஊசிவழி செலுத்தினர். அளவு கூடியபோது சிறுநீரகம் தாங்கவில்லை. உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 1,400 மில்லிகிராம் என்பதே மேலாய்வுக்கு அவர்கள் பரிந்துரைத்த அளவு. நடுத்தர உடலுடைய ஒருவருக்கு இஃது ஏறத்தாழ இரண்டேகால் கிராம் ஆகும்.

இவ்வளவை வேப்பிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். உலர்ந்த வேப்பிலை ஒரு கிலோவில் உள்ள பிளேவனாய்டு அனைத்தும் சேர்ந்தே இரண்டு கிராம்தான். ஆதலின் அவ்வூசியின் அளவை எட்ட, ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட உலர்ந்த வேப்பிலையை ஒரே முறையில் உண்ண வேண்டும். உண்டதிலும் சிறு பங்கே குருதியைச் சேரும். காலையில் மென்று விழுங்கும் ஒரு பிடிக் கொழுந்தால் தட்டில் நிகழ்ந்தது உடலில் நிகழும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமே இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை தந்த மரம்

பிளேவனாய்டு இனத்தைச் சார்ந்து மருந்தாகும் வழியில் நெடுந்தொலைவு சென்ற பொருள் ஒன்று உண்டு. அதன் பிறப்பிடம் இந்தியா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் டிசாக்சிலம் பைநெக்டாரிபெரம் என்னும் மரத்தின் பட்டையிலிருந்து ரோஹிட்டுகைன் என்னும் பொருளை இந்தியாவில் இயங்கிய ஹோக்ஸ்ட் நிறுவனத்தார் பிரித்தெடுத்து 1988-இல் வெளியிட்டனர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டது பிளேவோபிரிடால். உயிரணுப் பிரிவை முடுக்கும் நொதிகளைத் தடுப்பதில் அது வலிமை மிக்கது. அவ்வகை மருந்துகளுள் மனிதரிடம் முதன்முதல் ஆய்வுக்கு வந்தது அதுவே.

1990-களில் நடந்த முதல் ஆய்வுகளில் அதனை 72 மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் குருதியில் செலுத்தினர். தட்டில் அத்துணைக் கூர்மையாக இருந்த மருந்து நோயாளரிடம் பெரிதும் பயன் தரவில்லை. காரணம் யாது? தட்டில் உயிரணுக்கள் கன்றின் குருதிநீரில் வளர்ந்தன. மனிதக் குருதிநீரோ அம்மருந்தை மிக மிகுதியாகப் பற்றிப் பிணைத்துக்கொண்டது. பிணைந்தது போக எஞ்சிய மருந்து போதவில்லை.

இதனை உணர்ந்த அமெரிக்க ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள் செலுத்தும் முறையையே மாற்றினர். முதல் அரைமணியில் ஒரு பங்கு, பின் நான்கு மணி நேரத்தில் மறு பங்கு என்று கொடுத்தனர். வேறு மருந்துகளுக்கு அடங்காத நாட்பட்ட வெள்ளணுப் புற்றுநோய் உடைய 42 பேருள் 19 பேரிடம் நோய் பின்வாங்கியது என்று 2007-இல் அறிவித்தனர். ஆயின் உயிரணுக்கள் ஒருசேர மடிந்து, அவற்றின் உட்பொருள்கள் குருதியில் பெருகி உயிருக்கே இடர் விளைத்தமையால், நோயாளரை மணிக்கணக்கில் கண்காணிக்க வேண்டியதாயிற்று. பின்னும் பல ஆய்வுகள் நடந்தன. எனினும் மருத்துவமனைகளின் வழக்கமான மருந்துகளுள் ஒன்றாக அஃது இடம் பெறவில்லை.

பிரித்தெடுத்து, திருத்தி அமைத்து, அளவும் நேரமும் கணித்து, பல்லாண்டு உழைத்த பின்னும் ஒரு பொருளின் நிலை இதுவாயின், கொல்லைப்புறத்துச் சாற்றின் நிலை யாதாகும்?

நித்தியகல்யாணி தரும் பாடம்

அங்ஙனமாயின் செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வந்ததே இல்லையா எனின், வந்துள்ளது. புக்கிட் செலம்பாவின் வேலியோரத்துச் செடியே அதற்குச் சான்று.

நித்தியகல்யாணி இலை நீரிழிவுக்கு நல்லதென்ற நாட்டுவழக்கை ஆராயக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் முற்பட்டனர். ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளின் சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது குருதிச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசிவழி செலுத்தியபோதோ எலிகள் நோய்க்கிருமி தாக்கி மடிந்தன. ஆராய்ந்ததில், அச்சாறு எலும்பு மச்சையை ஒடுக்கி வெள்ளணுக்களைக் குறைத்துவிட்டது எனத் தெரிந்தது. வெள்ளணுக்களைக் குறைப்பது எலிக்குத் தீமை; வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோயாளிக்கு அதுவே நன்மை ஆகலாம் அன்றோ? இவ்வாறு 1958-இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தார் அதே செடியிலிருந்து கண்ட வின்கிறிஸ்டின் 1963-இல் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் வெள்ளணுப் புற்றுநோய்க்கு இன்றும் அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

ஒரு கிராம் வின்கிறிஸ்டின் பெற ஏறத்தாழ அரை டன் உலர்ந்த இலை வேண்டும் என்பர். நோயாளிக்கு ஒரு வேளை செலுத்துவதோ பொதுவாக இரண்டு மில்லிகிராமுக்கு மேற்படாது. அதனினும் கூடினால் நரம்புகள் பழுதுபடும். இத்துணை நுட்பமாக அளந்து செலுத்தும் பொருளின் தாய்ச்செடியை, அளவறியாமல் காய்ச்சிக் குடிப்பது அறிவுடைமை ஆகுமா? செடி ஒன்றே, அதனை மருந்தாக்கியது அளவு. அளவு அறியாத இடத்தில் அது நஞ்சு.

இலையால் வரும் தீங்கு

“பயன் இல்லாவிடினும் தீங்கு இல்லையே” என்பாரும் உளர். இதுவும் பொருந்தாது.

வேம்பையே எடுத்துக்கொள்வோம். சிறு நோய்களுக்காக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட இந்தியக் குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் மயக்கமும் கண்டு, கல்லீரலும் மூளையும் தாக்குண்டதைக் கோலாலம்பூர் மருத்துவர்கள் 1981-இல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் எழுதினர். புகட்டிய தாய்மார் அன்பினால் புகட்டினர். எண்ணெய் அன்பை அறியாது.

மருத்துவமனை மருந்தோடு இலைப்பொருள்கள் மாறுபடுவதும் உண்டு. பச்சைத் தேயிலையின் முதன்மைப் பிளேவனாய்டு, போர்ட்டிசோமிப் என்னும் புற்றுநோய் மருந்தைப் பற்றிக்கொண்டு அதனைச் செயலற்றதாக்கியது என்று 2009-இல் உயிரணுக்களிலும் எலிகளிலும் கண்டனர். சோயாவின் ஜெனிஸ்டீன், மார்பகப் புற்றுக்கான தமாக்சிபன் மருந்தின் பயனை எலிகளில் தடுத்தது என்று 2002-இல் அறிவிக்கப்பட்டது. எலியிற் கண்டது மனிதரிடமும் அவ்வாறே நிகழும் என்பதன்று. ஆயினும், எலியிலும் தட்டிலும் கண்ட நன்மையை நம்புவோர் அங்கே கண்ட தீமையை மட்டும் நம்ப மறுப்பது முறையாகாது.

எல்லாவற்றினும் கொடியது காலக்கழிவு. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட புற்றுநோய்களுள் நூற்றுக்கு 63.7 பங்கு மூன்றாம், நான்காம் கட்டங்களில்தான் கண்டறியப்பட்டன. நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கு மார்பகப் புற்றுநோயோடு வந்த 340 பேரைப் பற்றிய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. அவர்களுள் சற்றுக் குறையப் பாதிப்பேர் மாற்று மருத்துவங்களை நாடியவர்கள். அவ்வாறு நாடியதற்கும் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்ததற்கும் தொடர்பு இருந்தது. அமெரிக்காவில் 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியோரின் இறப்பு வாய்ப்பு, வழக்கமான சிகிச்சை பெற்றோரினும் இரண்டரை மடங்கு என்று கண்டனர். மார்பகப் புற்றில் அது ஐந்து மடங்கினும் மிகுந்தது. தொடக்கத்தில் அறுத்தெடுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய கட்டி, மூன்று திங்கள் சாறு குடித்துப் பார்க்கும் காலத்தில் எல்லை கடந்துவிடக்கூடும். இலை கொல்லாவிடினும் இலைக்காகக் காத்திருந்த காலம் கொல்லும்.

வீட்டிலும் வகுப்பிலும் சொல்லத்தக்கவை

கீரையும் காயும் வெங்காயமும் தேநீரும் நல்லுணவு. உண்பதை நிறுத்துமாறு எவரும் கூறவில்லை. உணவாக உண்ணும் அளவு வேறு. மருந்தென்று காய்ச்சி வடித்துக் குடிக்கும் அளவும் மாத்திரையாக விற்கப்படும் அளவும் வேறு. இதுவே முதலிற் கொள்ளத்தக்க வேறுபாடு.

நோயாளி ஒருவர் ஏதேனும் சாறோ மாத்திரையோ உட்கொள்வாராயின், அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறல் வேண்டும். சுங்கைப்பட்டாணி மருத்துவமனைக்குச் செல்லும்போது அந்தப் புட்டியையே கையோடு எடுத்துச் சென்று காட்டலாம். ஏசுவாரோ என்று அஞ்சி மறைப்பதால் இழப்பு நோயாளிக்கே. வீட்டார் முதியவரைக் கடிந்துகொள்வதாலும் பயனில்லை. இலை சொன்னவர் நலம் நாடியே சொன்னார், அவருக்கு நன்றி கூறி, “மருத்துவமனைத் தேதி தவறக்கூடாது, அதன் பின் பேசுவோம்” என்று அமைதியாகச் சொல்வதே தக்கது.

ஆசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. “கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று முடியும் செய்தி எதனைக் கேட்டாலும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்பப் பழக வேண்டும். கண்டது எங்கே: தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எத்துணை அளவு: அவ்வளவு உணவில் கிடைக்குமா, உடல் தாங்குமா? நோயாளர் உண்மையில் நெடிது வாழ்ந்தனரா? இவ்வினாக்களைப் பத்து வயதில் கற்ற பிள்ளை, பின்னொரு நாள் தன் தாய்க்கு நோய் என்று கேட்கும் வேளையில் தடுமாறாது.

நித்தியகல்யாணி இன்றும் புக்கிட் செலம்பாவில் பூத்துக்கொண்டுதான் இருக்கின்றது. அதனை வெறுக்க வேண்டுவதில்லை. காய்ச்சிக் குடிக்கவும் வேண்டுவதில்லை. எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்த மருந்து இச்செடியிலிருந்து பிறந்தது என்பதை மாணவர்க்குச் சொல்லிக் காட்டலாம். அது மருந்தாகும் இடம் வீட்டு அடுப்பன்று, மருத்துவமனையே என்பதையும் உடன் சொல்லல் வேண்டும்.